கொம்பன் கடைக்கு மீன் இல்லை

வெள்ளிக்கிழமை மீன் ஓட்டல் திறப்பு. திங்கட்கிழமை காலையில் போன் வருகிறது, மீன் கிடையாது என்று. சொன்னது யாரோ ஒரு வியாபாரி என்றால் திலகவதி நாலு திட்டு திட்டிவிட்டு வேறு ஆளைப் பார்த்திருப்பாள். சொன்னது புதுக்கரைக்குப்பம். அவள் பிறந்து வளர்ந்த ஊர். பஞ்சாயத்து கூடிக் கட்டுப்பாடு போட்டுவிட்டார்களாம், கொம்பன் கடைக்கு நம்ம ஊர்ப் படகிலிருந்து ஒரு நெத்திலிகூடப் போகக்கூடாது என்று.

"எதுக்கு அத்தே? நான் இன்னா பண்ணேன்?" என்றாள் திலகவதி.

போனில் இருந்தது விருத்தாம்பாள். கடலூர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தினமும் காலையில் சிதம்பரத்துக்கு மீன் ஏற்றிவிடுவதாக ஒத்துக்கொண்டிருந்தவள். உறவில் அத்தை முறை.

"நீ ஒண்ணும் பண்ணலடி. நேர்ல வா. போன்ல பேசற சமாச்சாரம் இல்ல இது" என்று வைத்துவிட்டாள்.

திலகவதி அப்போது சிதம்பரத்தில், கடை வாசலில், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மேலே இரண்டு பேர் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். 'கொம்பன் மீன் ஹவுஸ்'. எழுத்து கொஞ்சம்தான். மீதி முழுக்கப் படம்; அதில் அவள் புருஷன் மணிவண்ணன், சட்டையில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு, ரோட்டில் போகிறவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டிருந்தான். ஓட்டலுக்குச் சாப்பிட வருகிறவனை எதற்கு முறைக்க வேண்டும் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். அதுதான் பிராண்டு என்று சொல்லிவிட்டான்.

கட்டுப்பாடு எதற்கு என்று அத்தை சொல்லாவிட்டாலும் திலகவதிக்குத் தெரியும். அந்தப் பாழாய்ப்போன இரும்பு நாற்காலி.

மணிவண்ணனுக்குத் தொழில் மல்யுத்தம். மண்ணில் புரளும் மல்யுத்தம் இல்லை. விளக்கு, புகை, பாட்டு, மைக்கு எல்லாம் வைத்து மேடை போட்டு நடத்துகிற காட்சி மல்யுத்தம். சென்னையில் ஒரு கம்பெனி நடத்துகிறது. யார் ஜெயிப்பது, யார் தோற்பது, எந்த நிமிடத்தில் எவன் எவனைத் தூக்கிப் போடுவது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான். கடலூர் முதுநகரில் ஐஸ் பாக்டரியில் கட்டி உடைத்துக்கொண்டிருந்தவனை எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனிக்காரன் பார்த்துக் கூட்டிப் போனான். கொம்பன் சுறா என்று பெயர் வைத்து வில்லனாக்கினான். மணிவண்ணன் உறுமினால் கூட்டம் செருப்பைத் தூக்கிக் காட்டும். எவ்வளவு செருப்போ அவ்வளவு மரியாதை. அப்படி ஒரு தொழில்.

போன வருஷம் திலகவதியின் தம்பி சிலம்பரசனையும் மணிவண்ணனே கம்பெனியில் சேர்த்துவிட்டான். பையன் பார்க்க லட்சணமாக இருப்பதால் கதாநாயகன் ஆக்கினார்கள். அவனுக்குச் சுனாமி என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். திலகவதி சென்னைக்குப் போன் போட்டு, எங்கள் ஊரில் வந்து அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், காலை ஒடிக்கிறார்களா இல்லையா என்று கேட்ட பிறகு சிலம்பு என்று மாற்றினார்கள். இந்த சீசனில் மாமனுக்கும் மச்சானுக்கும் பகை என்று கதை. போன மாதம் சிலம்பரசன் நாற்காலியைத் தூக்கி அடித்ததில் மணிவண்ணன் மண்டை உடைந்து தையல் போட்டது. டைமிங் மிஸ் ஆகிவிட்டது என்று மணிவண்ணன் சொன்னான். தொழில் என்றால் அதுவும் நடக்கும்தான்.

இந்தக் கூத்தை ஊர் நிஜம் என்று நம்பிவிட்டது என்றுதான் திலகவதி நினைத்தாள். மாமனும் மச்சானும் வெட்டுப்பழி குத்துப்பழி ஆகிவிட்டார்கள், நம்ம ஊர்ப் பிள்ளை பக்கம் நிற்போம், மாமன் கடைக்கு மீன் கொடுக்காதே! இதற்கு ஒரு பஞ்சாயத்து! அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஏணிமேல் இருந்தவன் பலகை கோணலோ என்று பயந்து கீழே பார்த்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், ஓட்டலே மாமனும் மச்சானும் சேர்ந்து ஆரம்பிப்பதுதான். அந்த நேரத்தில் பின்கட்டில் உட்கார்ந்து வஞ்சிர மீனுக்கு மசாலா பதம் பார்த்துக்கொண்டிருந்தவன் சாட்சாத் சிலம்பரசன்தான். ஆனால் சீசன் முடிகிறவரை இரண்டு பேரும் ஒன்றாக வெளியில் தலைகாட்டக்கூடாது என்று கம்பெனி ஒப்பந்தம். எதிரிகள் ஒன்றாக டீ குடிப்பதை எவனாவது போட்டோ எடுத்துவிட்டால் கதை கெட்டுவிடும். அதனால் கடையின் பங்காளி முக்காடு போட்டுக்கொண்டு, சாக்கடைச் சந்து வழியாகப் பின்பக்கம் ஏறிக் குதித்து வருவான். மாமன் வரும் நாளில் மச்சான் வரமாட்டான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் டைல்ஸ், குழாய், கேஸ், லைசென்ஸ் என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிறவள் அவள் ஒருத்தி.

"டேய், ஊர்ல மீன் குடுக்க மாட்டாங்களாம்" என்று பின்கட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

சிலம்பரசன் மசாலாக் கையோடு நிமிர்ந்தான். ஏன் என்று கேட்பான் என்று பார்த்தாள். கேட்கவில்லை. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

"சரியா? இன்னாடா சரி? மீன் ஓட்டல்ல மீனில்லாம உப்புமாவா கிண்டுவ?"

அவன் மசாலாவைத் தடவிக்கொண்டே இருந்தான். அவனும் மண்டையில் அடிபட்டவன் மாதிரிதான் ஒரு மாதமாக இருக்கிறான்.

சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. இது நாலாவது வியாபாரம். இதுவும் போனால் இனி ஒன்று ஆரம்பிக்க அவளிடம் தெம்பு இல்லை.

முதலில் மணிவண்ணன் திருப்பாதிரிப்புலியூரில் ஜிம் வைத்தான். கையை மடக்கி என்னைத் தோற்கடிப்பவர்களுக்கு ஆயுசு முழுக்க இலவசம் என்று மைக்கில் அறிவித்தான். யோசனை நல்ல யோசனைதான், கொம்பன் கையை எவன் மடக்க முடியும்? ஆனால் எதிராளியை உயர்த்திக் காட்டியே சம்பாதித்த கை அது. ஆள் வந்து உட்கார்ந்ததும் மணிவண்ணன் கண்ணை உருட்டுவான், பல்லைக் கடிப்பான், கழுத்து நரம்பு புடைக்கும், ஜெயிப்பது மாதிரியே வந்து கடைசியில் படீரென்று சாய்ந்து கொடுப்பான். சுற்றி நிற்பவர்கள் விசில் அடிப்பார்கள். அந்த விசிலுக்காகத் தெருவில் போகிறவனுக்கெல்லாம் தோற்றான். மருந்துக்கடைப் பெரியவர் இருமிக்கொண்டே வந்து ஜெயித்துவிட்டுப் போனார். ஜிம் முழுக்க ஓசி ஆட்கள். காசு கட்டிச் சேர்ந்தவர்களுக்கு மூச்சு விட இடமில்லை. ஒரு வருஷம் தாக்குப் பிடித்தது, அவ்வளவுதான்.

பிறகு சத்து மாவு. கருவாட்டைப் பொடி செய்து, அதில் சாக்லேட் வாசனை கலந்து, டப்பாவில் கொம்பன் படம் போட்டு விற்றான். டப்பாவைத் திறந்தால் தெருப் பூனை எல்லாம் வந்து நிற்கும். வாசனையைக் குறைக்கச் சொன்னாள். ஒரிஜினல் என்று தெரிய வேண்டாமா என்றான். அதற்கப்புறம் பனியன். அத்தனையும் தன் அளவிலேயே தைக்கச் சொல்லிவிட்டான். அண்ணாமலை நகர்ப் பக்கம் இருக்கிற காலேஜ் பிள்ளைகள் ஆசை ஆசையாய் வாங்கிப் போய் நைட்டி மாதிரி போட்டுக்கொண்டார்கள்.

ஒவ்வொன்றிலும் திறப்பு விழாவுக்கு அவன், மூடுவிழாவுக்கு அவள். ஜவுளிக்கடையில் சூப்பர்வைசராக இருந்த வேலையை அவள் விட்டதே, இவன் இழுத்துப் போட்டதை எடுத்து வைக்க ஆள் வேண்டும் என்றுதான். இந்த ஓட்டலை மட்டும் முதலிலிருந்தே அவள் பார்த்தாள். சிதம்பரத்தில் இடம் பார்த்தது அவள். மீனுக்கு ஊரில் பேசியது அவள். காலையில் படகில் வந்தது மத்தியானம் இலையில் இருக்க வேண்டும், நேற்று மீன் கிடையாது, அதுதான் இந்தக் கடையின் பெயராக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அந்த ஒன்றின்மேல்தான் ஊர்க்காரர்கள் கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

முதுநகர் வீட்டில் மணிவண்ணன் தலையில் குல்லாய் போட்டுக்கொண்டு அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தான்.

"கட்டுப்பாடா? வேற எடத்துல வாங்கிக்கலாம் திலகா. பரங்கிப்பேட்டைல இல்லாத மீனா?"

"எங்க ஊரு கட்டுப்பாடு போட்டா பக்கத்து ஊரு எதுத்துகினு குடுக்குமா? உங்களுக்குத் தெரியாது? நாளைக்குச் சாயங்காலம் மறுபடி பஞ்சாயத்து கூட்டச் சொல்லியிருக்கேன். நான் போறேன். நீங்களும் வரணும், தம்பியும் வரணும். அது சண்டையே இல்ல, நாடகம்னு நான் சொல்லப் போறேன்."

மணிவண்ணன் எழுந்தே விட்டான். "ஐயோ, சொல்லாத! வாயத் தொறந்து பொய்ச்சண்டைன்னு சொன்னன்னா என் பொழப்பு போச்சு. ஒருத்தன் வீடியோ எடுத்துப் போட்டான்னா எட்டு வருஷம் காலி. திலகா, அங்க போவவே வேணாம். நான் சொல்றத கேளு."

"மாமா, மீன் வேணுமா வேணாமா?"

"வேணும்... ஆனா போவாத."

"நீங்க அந்த வீடியோவ பாக்காதன்னீங்க, பாக்கல. தம்பிகூட ரோட்டுல பேசாதன்னீங்க, பேசல. இன்னும் எத்தினிதான் செய்யாத இருப்பேன்?"

அவள் அவன் சண்டை எதையுமே பார்ப்பதில்லை. கல்யாணமான புதிதில் ஒன்றைப் பார்த்தாள். பொய் என்று தெரியும், இருந்தும் அவன் கயிற்றுக்கு மேலிருந்து விழுந்தபோது எழுந்து வெளியே ஓடிவந்துவிட்டாள். அன்றோடு சரி. இந்தத் தடவை, ரத்தம் ஜாஸ்தி, நீ பார்க்காதே என்று அவனே சொன்னான். அக்கறையாகத்தான் இருந்தது.

மறுநாள் புதுக்கரைக்குப்பத்தில் அம்மன் கோயில் முன்னால் மணலில் பஞ்சாயத்து. சடையப்பன் பெரியப்பாதான் ஊர்த் தலைவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முகத்தில் ஒரு சிரிப்பு கிடையாது. ஆண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றார்கள். வழக்கமாகப் பஞ்சாயத்துக்கு இவ்வளவு பெண்கள் வரமாட்டார்கள். மணிவண்ணன் ஒரு பக்கம், சிலம்பரசன் ஒரு பக்கம், நடுவில் நாலு ஆள் இடைவெளி. இங்கேயும் நடிப்பு என்று திலகவதிக்கு எரிச்சலாக வந்தது.

"பெரியப்பா, நான் சொல்றத யாரும் போன்ல புடிக்கக் கூடாது" என்றாள்.

சடையப்பன் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். உடனே ஒரு இறால் கூடை வந்தது. ஒவ்வொருவராகப் போனைக் கொண்டுவந்து அதில் போட்டார்கள். கூடை நிறைந்ததும் விருத்தாம்பாள் அதைத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

திலகவதி பேச ஆரம்பித்தாள். இரண்டு நாள் எரிச்சல் எல்லாம் சேர்ந்து வந்தது. "பெரியப்பா, அது சண்டையே இல்ல. யாரு ஜெயிக்கணும் யாரு தோக்கணும்னு மொதல்லயே பேசி வெச்சிடுவாங்க. நாற்காலிய எங்க அடிக்கணும்னுகூட பேசி வெச்சதுதான். இவுரு வில்லனும் இல்ல, அவன் ஈரோவும் இல்ல. வீட்டுல ரெண்டும் ஒரே தட்டுல சாப்புடுற ஜென்மங்க. இந்தக் கடையே ரெண்டு பேரும் சேந்துதான் வெக்கிறாங்க. நீங்க இன்னாடான்னா டிவில பாத்தத நெசம்னு நம்பிகினு என் கடைக்கு மீன நிறுத்திட்டீங்க. வெள்ளிக்கிழம தெறப்ப வெச்சுகினு நான் யார்கிட்டப் போயி முட்டிக்கறது?"

மணிவண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். எட்டு வருஷ ரகசியம் மணலில் விழுந்தது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது அப்படியே பரவியது. சடையப்பனுக்குக்கூட உதடு அசைந்தது.

"ஏம்மா, எங்கள இன்னான்னு நெனச்ச?" என்றார். "விடிய விடியக் கூத்து பாக்கற ஊரு இது. கூத்துல செத்துப்போன ராசா காலையில எழுந்து நம்ம கடையிலதான் டீ குடிப்பான். பேசி வெச்சி அடிச்சிக்கிறானுங்கன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். அதுக்குப் போயி கட்டுப்பாடு போடுவமா?"

திலகவதிக்கு ஒன்றும் ஓடவில்லை. "பின்ன எதுக்குப் பெரியப்பா போட்டீங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. சடையப்பன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் மணலைப் பார்த்தார்.

"நீ பாக்கலியாம்மா?"

"நான் பாக்கறது இல்ல."

"பெரியப்பா," என்று மணிவண்ணன் அவசரமாக எழுந்தான். "நாம உள்ள போயி பேசிக்கலாம். நான் அபராதம் கட்டிடறேன்."

"உக்காரு" என்றார் சடையப்பன். உட்கார்ந்தான்.

"எம்மா, படிச்ச பொண்ணு, போன்ல பாத்திருப்பன்னு நெனச்சோம். பாத்துட்டுத்தான் பல்லக் கடிச்சுகினு இருக்கன்னு நெனச்சோம். உன்கிட்ட எப்புடிக் கேக்கறதுன்னு ஒரு மாசமா..."

விருத்தாம்பாள் கூடையைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். பஞ்சாயத்தில் பெண்கள் முன்னால் வந்து பேசுவதில்லை. யாரும் தடுக்கவில்லை. மூடிய முஷ்டியை மைக்கு மாதிரி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் கேளுங்கடா! என் ஜிம்ம முழுகடிச்சது யாரு? என் பவுடர் கம்பெனிய முழுகடிச்சது யாரு? தோ நிக்கிறான் பாரு, இவன் அக்காக்காரி! அப்பன் இல்லாத வீட்டுல கெடந்த ராசி கெட்டவள என் தலைல கட்டி வுட்டானுங்க. நான் தொட்டா தங்கம், அவ தொட்டா சாம்பல். இன்னிக்கும் அவ கை பட்ட சோத்தத் தின்னுட்டு வந்துதான் நான் தோக்கறேன்!" முஷ்டியை இறக்கினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "இதச் சொன்னான்டி உன் புருஷன். ஊரே கேக்கச் சொன்னான். அங்க இருக்கற அத்தினி பேரும் சாம்பலு சாம்பலுன்னு கை தட்றான். உங்க அப்பன் இருந்திருந்தா கேட்டிருப்பான். அவன் இல்ல, அதனால ஊரு கேக்குது. அவ்ளோதான்டி கட்டுப்பாடு."

திலகவதிக்குக் காதுக்குள் கடல் சத்தம் மட்டும் கேட்டது. போன வாரம் ஒரு காலேஜ் பையன் கடை வாசலில் பைக்கை நிறுத்தி, "அக்கா, நீங்களே நின்னு கொம்பன் கடைய தெறக்குறீங்களா, செம தைரியம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் சந்தோஷப்பட்டாள். சுண்டல் கூடக் கொடுத்தாள். டைல்ஸ் கடைக்காரன், கேஸ் கொண்டுவந்தவன், அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தவர்கள் எல்லாம் வரிசையாக முன்னால் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. புரியாத ஜனம் என்று நேற்றெல்லாம் அவள் திட்டிய ஊர்தான் ஒரு மாதமாக அவளுக்காக ரோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

மணிவண்ணனைப் பார்த்தாள். "கம்பெனில எழுதிக் குடுத்ததா?"

"திலகா, அது வந்து... எழுதியெல்லாம் குடுக்க மாட்டாங்க. பாயின்ட் மட்டும் சொல்லுவாங்க. குடும்பத்த இழுத்துப் பேசுன்னாங்க. மத்தது அந்த நேரத்துக்கு வாயில வர்றதுதான்."

"வாயில வந்துச்சா?"

"நீ கூட்டத்தப் பாக்கலியே. சும்மா அதிருச்சு. இத்தினி வருஷத்துல அப்புடி ஒரு ரெஸ்பான்ஸ் எனக்கு வந்ததே இல்ல திலகா." சொல்லும்போதே அவன் முகத்தில் அந்த நேரத்துச் சந்தோஷம் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டது. அவனால் அதை மறைக்க முடியவில்லை. பெரிய நடிகன்!

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "நீ கேட்டுகினு நின்னியாடா?"

சிலம்பரசன் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். "முதுகுல அடிக்கணும்னுதான் பேசி வெச்சிருந்தோம். தோளுக்குக் கீழ, தட்டையா. வலிக்காது. சத்தம்தான் வரும்."

"டைமிங் மிஸ் ஆயிடுச்சின்னு..."

"மிஸ் ஆவலக்கா."

மணிவண்ணனின் கை தானாகக் குல்லாய்க்குப் போனது. இது அவனுக்கும் புதுச் செய்தி. மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தான். மச்சான் அவனைப் பார்க்கவில்லை.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றாள் திலகவதி.

"எப்புடிக்கா சொல்றது? நீ பாட்டுக்கு டைல்ஸு பாத்துகினு சந்தோஷமா இருந்த."

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். சடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். அபராதம் எல்லாம் வேண்டாம். மாப்பிள்ளை கோயில் முன்னால் ஊர் பார்க்க விழுந்து எழுந்திருக்க வேண்டும். பொண்ணு முன்னாலும் விழ வேண்டும். அதோடு முடிந்தது.

மணிவண்ணன் யோசிக்கவே இல்லை. சட்டென்று எழுந்து, குல்லாயைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். அவ்வளவு பெரிய உடம்பு. தலையில் தையல் போட்ட இடம் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மனைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினான். ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு மரம் சாய்கிற மாதிரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். தொம்மென்று சத்தம் வந்தது. கூட்டம் மொத்தமும் ஐயோ என்றது. விருத்தாம்பாளே ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள். எழுந்து திலகவதியின் பக்கம் திரும்பி மறுபடியும் விழுந்தான், இன்னும் பலமாக. "ஐயோ பாவம், போதும் மாப்ளே" என்று யாரோ சொன்னார்கள்.

திலகவதி மட்டும் அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு தரையைத் தொடுவதற்கு அரை நொடி முன்னால் அவன் இரண்டு உள்ளங்கையும் மணலில் அறைந்தன. சத்தம் கையிலிருந்து வந்தது. அந்தத் தொழிலுக்குப் போகிறவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே இப்படி விழுவதுதான், கையை அறைந்தால் பார்க்கிறவனுக்கு வயிறு கலங்கும், விழுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. கல்யாணமான புதிதில், அவள் எழுந்து ஓடிவந்த அந்த நாளில், கட்டிலில் இரண்டு தலையணையைப் போட்டு அவனே விழுந்து காட்டிச் சமாதானப்படுத்தியிருக்கிறான். அவள் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை. அவள் காலடியில் கிடக்கும்போதும் அவன் காது கூட்டத்தின் பக்கம்தான் இருந்தது. ஐயோ என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரி எழுந்திரு மாப்ள" என்றார் சடையப்பன். குரல் இளகியிருந்தது. "திலகா, மனசுல வெச்சுக்காதம்மா. ஊரு கட்டுப்பாட்ட எடுத்துடுது. வெள்ளிக்கிழம காலைல மொதப் படகு மீன் உன் கடைக்குத்தான்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். அவள் எதற்காக வந்தாளோ அது கைக்கு வந்துவிட்டது.

"வேணாம் பெரியப்பா. கட்டுப்பாடு இருக்கட்டும்" என்றாள் திலகவதி.

மணிவண்ணன் பாதி எழுந்தவன் அப்படியே நின்றான். "திலகா! வெள்ளிக்கிழம தெறப்பு!"

"தெரியும். பத்திரிகை அடிச்சதே நான்தான்."

"அதான் விழுந்துட்டனே? ஊரே ஒத்துகிச்சே?"

"ஊருக்கு விழுந்தீங்க. நான் விழச் சொல்லல." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "எந்த மைக்குல சொன்னீங்களோ அதே மைக்குல சொல்லணும். எந்தக் கூட்டம் கை தட்டிச்சோ அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி. மன்னிப்புகூட வேணாம். ஜிம்ம முழுகடிச்சது யாரு, பவுடர முழுகடிச்சது யாரு, அத மட்டும் சொல்லுங்க. சொன்ன அன்னிக்கு மீன் வரட்டும் பெரியப்பா. அது வரைக்கும் ஒரு நெத்திலி வரக்கூடாது."

"கம்பெனி ஒத்துக்காதே திலகா. வில்லன் போயி அப்புடிச் சொன்னா அப்புறம் அவன் வில்லனா?"

"அது எனக்குத் தெரியாது."

"ரெண்டு நாள் அவகாசம் குடு. கம்பெனில பேசிட்டு, எப்புடிச் சொல்லலாம்னு ஒரு பாயின்ட் கேட்டுட்டு..."

"ஒருத்தனும் பாயின்ட் குடுக்க வேணாம்" என்றாள் திலகவதி. "அன்னிக்கு நீங்களா பேசுனீங்க இல்ல? இப்பவும் உங்க வாயில இன்னா வருதோ அதப் பேசுங்க. நான் வந்து உக்காந்து பாக்கறேன்."

மணிவண்ணன் வாயைத் திறந்தான். பத்தாயிரம் பேரைக் கூச்சல் போட வைக்கிற வாய். ஒன்றும் வரவில்லை. மணல் ஒட்டிய உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிலம்பரசன் எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டான். கம்பெனி ஒப்பந்தம் ஞாபகமே அவனுக்கு இல்லை.

திலகவதி கூடையில் கையை விட்டுத் தன் போனைத் தேடி எடுத்தாள். சிதம்பரத்தில் பந்தல்காரனுக்கு, வெள்ளிக்கிழமை பந்தல் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பேசிக்கொண்டே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.